ஐந்து காலிப் பாக்கெட்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தலைமுடிப் பராமரிப்புத் தொழிலின் வளர்ச்சி பற்றிப் பேசச் சொன்னார்கள். எதிரே இருக்கும் என் வகுப்புத் தோழர்களில் பாதிப் பேருக்குப் பராமரிக்க ஒண்ணும் மிச்சமில்லை. மீதிப் பேர் டை அடிச்சவங்க. ஆனாலும் தேவாரத்தில் மளிகை மொத்த வியாபாரம் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம்ம பக்கம் தலைக்குச் சீயக்காய், இல்லேன்னா அரப்பு. எண்ணெய் தேய்த்து, ஊறி, அலசிக் காயவைக்க அரை நாள் ஆகும். விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் அந்த அரை நாளுக்கு எங்கே போவார்கள்? ஷாம்பு இருந்தது, பாட்டிலில். தினக்கூலி வாங்குகிறவர் ஒரு மாதத்துச் சாமானுக்கு ஒரே நாளில் பணம் எடுத்து வைக்க முடியுமா?

இதைக் கண்டுகொண்டவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். கூலிக்காரரும் வாங்கும்படி சின்னப் பாக்கெட்டில் அடைக்கணும் என்பது அவர் எண்ணம். அவருக்குப் பின் குடும்பத்தார் வெல்வெட் ஷாம்புவை விற்றார்கள். மகன்களில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் தனியே பிரிந்து 1983-ல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பு தொடங்கினார். அதுதான் பிற்பாடு கெவின்கேர். 1999-ல் 50 காசுக்கே பாக்கெட் போட்டார்கள். பெரிய கம்பெனிகளும் பாக்கெட்டை விடமுடியாமல் போயிற்று. ஷாம்பு ஓரங்கட்டிய சீயக்காயும் மீரா, கார்த்திகா என்று பாக்கெட்டுக்குள்ளேயே திரும்பி வந்தது!

வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மொத்தமா வாங்கினால் மலிவு என்பார்கள். ஷாம்புவில் பல சமயம் தலைகீழ். மில்லிக் கணக்குப் போட்டால் பாட்டிலைவிடப் பாக்கெட்தான் மலிவு. அதனால்தான் எங்க ஊர்ல மாசச் சம்பளக்காரரும் சரமா வாங்கிட்டுப் போறாங்க. விலையை நிர்ணயிப்பது கம்பெனி இல்லை, சில்லறைக்காசு. மூலப்பொருள் விலை ஏறினால் ஒரு ரூபாய்ப் பாக்கெட் ஒண்ணே கால் ரூபாய் ஆகாது. உள்ளே இருக்கிற மில்லி குறையும். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்புவுக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதம் ஆனது. கணக்குப்படி 2 ரூபாய்ப் பாக்கெட் 1 ரூபாய் 78 காசுக்கு வரணும். மீதி 22 காசுக்கு நான் எங்கே போக? 25 காசே 2011-ல் செல்லாமல் போச்சு. 50 காசு சட்டப்படி செல்லும். கடையில் நீட்டிப் பாருங்கள், தெரியும்.

வியாபாரம் பெருகியது சரி. காலிப் பாக்கெட்? பல அடுக்குப் பிளாஸ்டிக் அது. பழைய இரும்பு, பாட்டில் எடுக்கிறவர்கூட எடுக்க மாட்டார். குளிக்கிற இடமெல்லாம் அதுதான் கிடக்கிறது. நான் விற்ற சரக்குதான், இல்லேன்னு சொல்ல முடியாது.

சிக் வளர்ந்த காலத்தில் ஒரு திட்டம் போட்டார்கள். எந்தக் கம்பெனிப் பாக்கெட்டானாலும் ஐந்து காலிப் பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் இலவசம். ஜனங்களுக்குப் பழகியதும், சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். போட்டியாளரை மடக்கச் செய்த வியாபாரத் தந்திரம்தான். ஆனால் குப்பைக்கு ஒரு விலை வந்தது, பாக்கெட் கடைக்கே திரும்பி வந்தது, பாருங்கள்! இன்று தயாரிப்பாளரே பிளாஸ்டிக்கைத் திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்க வேண்டுமென்று 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்தப் பழைய திட்டத்தை இதற்குப் பயன்படுத்தினால் என்ன?

இலவசப் பாக்கெட் ஒன்றுக்கு என்ன அடக்கம் ஆகும், சேர்ந்த காலிப் பாக்கெட்டை எங்கே அனுப்புவது, வண்டிச் செலவு யார் தலையில் என்பதெல்லாம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். மூன்றாமாண்டு மாணவர்கள் நாலைந்து பேர் இதைப் புராஜெக்டாக எடுத்துக்கொண்டால், என் கடையின் விற்பனை நோட்டை மூன்று மாதத்துக்குத் தருகிறேன். பரிசோதனைக்கு இலவசமாக் கொடுக்கிற பாக்கெட்டும் என் செலவு. விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் என்னைப் பாருங்கள்.