சாயங்காலம் என்னதான் பண்ணுவே?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அகமதாபாத்தில் வேலை என்றால் நம் ஆட்கள் முதலில் கேட்பது, "அங்கே சரக்கு கிடைக்காதாமே, சாயங்காலம் என்னதான் பண்ணுவே?" சம்பளம், வீட்டு வாடகை எல்லாம் அப்புறம்தான். ஒன்பது வருஷமாக ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்கிறேன். செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருப்பதால் இன்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

குஜராத் 1960 மே 1-ல் தனி மாநிலமானது. அன்று முதல் அங்கே மதுவிலக்குதான். பழைய பம்பாய் மாகாணத்தின் 1949-ம் ஆண்டுச் சட்டம் அப்படியே தொடர்ந்தது. ஆகவே அந்த ஊரில் நண்பர்கள் கூட வேண்டுமென்றால் டீக்கடைதான். அதற்குக் 'கிட்லி' என்று பெயர். கெட்டில்தான் அப்படி ஆகிவிட்டது. வேலை முடிந்ததும் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்து ஒரு டீயை இருவர் பகிர்ந்து இரண்டு மணி நேரம் பேசுவார்கள். கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். பங்குச் சந்தை, கிரிக்கெட், பெண் பார்த்த கதை, எல்லாம் அங்கேதான்.

லால் தர்வாஜா பக்கம் 'லக்கி' என்று ஒரு பழைய கடை. மேஜைகளுக்கு நடுவே கல்லறைகள்! பயப்படாதீங்க. கம்பி வேலி போட்டு, பூ வைத்து மரியாதையாகப் பாதுகாக்கிறார்கள். பக்கத்து மேஜையில் பன்னும் வெண்ணெயும் டீயும் நடக்கும். ஓவியர் எம்.எஃப். உசேன் அங்கே வாடிக்கையாக வருவாராம். அவர் கொடுத்த ஓவியம் சுவரில் தொங்குகிறது.

மானெக் சௌக் இன்னும் வேடிக்கை. பகலில் தங்க நகைக் கடைத்தெரு. இரவில் கடைகள் சாத்தியதும் அதே இடத்தில் அடுப்பு எரியும். நள்ளிரவு தாண்டியும் பாட்டி, பேத்தி, மருமகள் என்று குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். 'குவாலியர் தோசை' என்று ஒன்று தருவார்கள். அதைத் தோசை என்று ஒப்புக்கொள்ள என் மனம் இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் தட்டு காலியாகிவிடுகிறது. புது ஊர்ப் பக்கம், சிந்து பவன் சாலையில், கண்ணாடி போட்ட காபிக் கடைகள். ஒரு கோல்டு காபியோடு மூன்று மணி நேரம் ஓட்டும் கல்லூரிப் பிள்ளைகளை அங்கே பார்க்கலாம்.

சொர்க்கம் என்று சொல்லவில்லை. 2009-ல் அதே அகமதாபாத்தில் கள்ளச்சாராயம் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2022-ல் போடாட் பக்கம் மறுபடியும். வெளியூர்க்காரர்களுக்குப் பர்மிட் உண்டு. 2023 டிசம்பரில் கிஃப்ட் சிட்டிக்கு மட்டும் விலக்கும் கொடுத்தார்கள். பர்மிட் இல்லாமல் குடிப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் பெண்கள் தனியாக ஸ்கூட்டரில் போவதற்கும் மதுவிலக்கு மட்டுமே காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். நவராத்திரி ஒன்பது இரவும் தெருவில் ஆடிப் பழகிய ஊர் அது. ஆனால் கூடிப் பேச ஒரு இடம், அதில் எல்லோருக்கும் நாற்காலி, இதை அங்கே கண்ணால் பார்க்கிறேன்.

இங்கே? எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பெண்கள். போன சந்திப்பில் இரவு எட்டு மணிக்கு மேல் ஒருவர்கூட இல்லை. மற்றவர்கள் ஓட்டல் பாருக்குப் போய்விட்டோம், நான் சோடாவோடு. என் அறைத்தோழன் ஒருவன் இன்று வரவே இல்லை. குடியை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. "மீட்டிங் முடிஞ்சதும் எங்கே போவீங்கன்னு தெரியும்டா, என்னால அங்கே உட்கார முடியாது" என்று போனில் சொன்னான். நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தவன்.

முதல்வர் ஐயாவிடம் ஒரு விண்ணப்பம். நம் கேன்டீனை இன்றிரவு பதினொரு மணி வரை திறந்து வைக்க அனுமதி தர வேண்டும். பால், டீத்தூள், பன் செலவு எங்கள் பேட்ச் பொறுப்பு. மகளிர் விடுதித் தங்கைகளுக்கும் அதே பதினொரு மணி வரை அனுமதி வேண்டும், ஐயா. அவன் வீடு இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். நீங்கள் சரி என்று தலையசைத்தால் மேடையை விட்டு இறங்கியதும் போன் போடுகிறேன்.