திருநெல்வேலியைத் தொடாமல் ஒரு பாதை

சங்கரன்கோவில் ஸ்டேஷன் என்றதும் நம்மில் பலருக்கும் பொதிகை எக்ஸ்பிரஸ்தான் ஞாபகம் வரும். ராத்திரி ஏறிப் படுத்தால் விடியும்போது சென்னை. ஆனால் நம் ஊர்த் தண்டவாளத்தின் கதை சென்னையோடு முடிவதில்லை. அதைப் புரிந்துகொள்ள மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

ஒரு வரைபடத்தை எடுத்து விருதுநகர், திருநெல்வேலி, தென்காசி மூன்றையும் கோட்டால் இணையுங்கள். முக்கோணம் கிடைக்கும். அதில் இரண்டு பக்கங்கள்தான் முதலில் வந்தன. 1876-ல் மதுரையிலிருந்து விருதுநகர் வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. மணியாச்சியில் பிரிந்து ஒரு கிளை திருநெல்வேலிக்குப் போனது. பிறகு 1902-க்கும் 1904-க்கும் இடையில் திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி, தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து கொல்லம் வரை பாதை போட்டார்கள். 1918-ல் அது திருவனந்தபுரத்தைத் தொட்டது.

ஆக, கொல்லத்தில் ஏற்றிய சரக்கு மதுரைக்குப் போக வேண்டுமானால், தென்காசியிலிருந்து கிழக்கே திருநெல்வேலிக்கு இறங்கி, மணியாச்சி வழியாக மறுபடி வடக்கே ஏற வேண்டும். தென்காசி – திருநெல்வேலி சுமார் 72 கிலோமீட்டர், அங்கிருந்து விருதுநகர் சுமார் 114. திருநெல்வேலியில் எந்த வேலையும் இல்லாத மூட்டைகூட அந்த ஊரைப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

முக்கோணத்தின் மூன்றாவது பக்கத்தை 1927-ல் தென்னிந்திய ரயில்வே போட்டது. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி. மொத்தம் 122 கிலோமீட்டர் அளவு. அறுபது கிலோமீட்டருக்கு மேல் மிச்சம்! ஜெர்மனியின் ஹனோவர் நகரத்துக்கு சரக்கு ரயில்களுக்கென்றே சுற்றுப்பாதை உண்டு. நம்முடையது அப்படிச் சரக்குக்கென்று மட்டும் போட்டதல்ல, ஆள்களும் போனார்கள். ஆனால் செய்த வேலை ஒன்றுதான்: பெரிய ஊருக்குள் நுழையாமல் வண்டியைக் கடத்திவிடுவது. கோயம்புத்தூருக்குள் போகாமல் இருகூரிலிருந்து நேரே போத்தனூர் போகும் கூட்ஸ் வண்டிகளும் இதைத்தான் செய்கின்றன.

வழியில் இருந்த ஊர்களுக்கும் நேரம் கூடிவந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1923-ல். நான்கே வருடத்தில் ரயில் வாசலுக்கு வந்துவிட்டது. நமக்கு அடுத்து தென்காசிப் பக்கம் உள்ள ஸ்டேஷனின் பெயரைப் பாருங்கள்: பாம்புக்கோவில் சந்தை. ஊர்ப் பெயரோடு சந்தையையும் சேர்த்தே பலகையில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்தப் பாதையிலேயே பிடித்த பலகை அதுதான்.

இன்னொன்றைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். கோட்டயம் வழியாக எர்ணாகுளம் – கொல்லம் பாதை முழுமையானது 1958-ல். அதுவரை திருவனந்தபுரத்துக்கு வெளியுலகத்தோடு இருந்த ஒரே ரயில் தொடர்பு செங்கோட்டை மலைப்பாதைதான். அதாவது 1927-லிருந்து முப்பது வருடம், ஒரு தலைநகரிலிருந்து சென்னைக்குப் போன நேர்வழி நம் பிளாட்பாரத்தை ஒட்டி ஓடியது.

அந்த மவுசு குறைந்தது 1976-ல். எர்ணாகுளம் – திருவனந்தபுரம் பாதை அகலப்பாதை ஆனது. நம் பக்கம் மீட்டர் கேஜாகவே நின்றது. தண்டவாள இடைவெளி அங்கே 1,676 மில்லிமீட்டர், இங்கே 1,000. எர்ணாகுளம் பக்கமிருந்து வரும் சரக்கு வேகன் கொல்லத்தைத் தாண்டி நம் பக்கம் உருள முடியாது. மூட்டை மூட்டையாக இறக்கி, இந்தப் பக்க வேகனில் மறுபடி ஏற்ற வேண்டும். கூலி, நேரம், சேதாரம் எல்லாம் கூடும்போது எந்த வியாபாரி இந்த வழியைத் தேடி வருவார்?

நம் பாதை 2004-ல் அகலமானது. ஆனால் செங்கோட்டை – புனலூர் மலைப்பகுதி 2010-ல் மூடப்பட்டு 2018-ல்தான் மறுபடி முழுதாகத் திறந்தது. அந்த எட்டு வருடம் செங்கோட்டையோடு பாதை முட்டி நின்றது. அந்தப் பக்கமும் திறந்திருந்தால்தான் சுற்றுப்பாதைக்கு உயிர். நாம் அதை அப்போது போதிய அளவு உரக்கக் கேட்கவில்லை என்பது என் வருத்தம்.

இன்று கொல்லம் – சென்னை எக்ஸ்பிரஸ் மறுபடி சங்கரன்கோவில் வழியாக ஓடுகிறது. மலையேற்றம் செங்குத்து என்பதால் கனமான கூட்ஸ் வண்டியை அங்கே இழுப்பது சிரமம். ஆனால் மலைக்கு இந்தப் பக்கம் அந்தச் சிரமம் கிடையாது. ராஜபாளையத்து நூலையும் சிவகாசிச் சரக்கையும் நம் சந்தை விளைச்சலையும் லாரிக்கு மட்டுமே விட்டுவிடாமல் ரயிலேற்றும் வசதியைக் கேட்க வேண்டிய காலம் இது.