வாங்கிய காடும் மூடிய பாதையும்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், காகித ஆலைகளுக்கு மரம் தந்த தனியார் காடுகளில் ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடினார்கள், பனிவண்டி ஓட்டினார்கள். கேட்பாரில்லை.

'பர்ட்ஸ் பீஸ்' அழகுப்பொருள் நிறுவனத்தின் ராக்சேன் குவிம்பி, தேசியப் பூங்கா கனவோடு அந்தக் காடுகளை வாங்கத் தொடங்கினார். வேட்டைக்குத் தடை, பாதைகளுக்குப் பூட்டு. ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடிய நேரம். கோபம் வராமலா இருக்கும்? 'ராக்சேனைத் தடைசெய்' என்று கார்களில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

பின்னால் வந்த மகன் லூகாஸ் கொஞ்சம் விவரமானவர். ஒரு பகுதியை வேட்டைக்கும் பனிவண்டிக்கும் திறந்துவிட்டார். அப்படியும் 2015-இல் அருகிலிருந்த இரண்டு ஊர்கள், பூங்கா வேண்டாமென்றே வாக்களித்தன.

மறு ஆண்டே அன்றைய அதிபர் ஒபாமா, நாடாளுமன்றத்தைக் கேட்காமல், தன் அதிகாரத்தால் அந்தக் காடுகளில் சுமார் 87,500 ஏக்கரை 'தேசிய நினைவுச்சின்னம்' என அறிவித்துவிட்டார்.