முட்டையைக் கழுவாதீங்க

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் வீட்டுக்கோழி முட்டை வாங்கினா, லேசா எச்சம் ஒட்டியிருக்கும். உடனே குழாயடியில கழுவிடுறோம். அதுதான் தப்பு. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. கோழி இடும்போதே ஒரு மெல்லிய படலம் அவற்றை மூடியிருக்கும். கழுவினா அது போயிடும். பச்சைத்தண்ணி பட்டு முட்டையின் உள்பகுதி சுருங்கும்போது சால்மோனெல்லா கிருமியும் துளை வழியா இழுபடும். உலர்ந்த துணியால துடைச்சா போதும்.

எடுத்து வைக்கும்போது முட்டையின் கூர்முனை கீழே இருக்கட்டும். நம்மூர் சித்திரை வெயிலுக்கு ஃப்ரிட்ஜ்தான் நல்லது. ஆனா வச்சதை வெளியே எடுத்துப் போட்டா வேர்க்கும், கிருமிக்கு வசதி. தண்ணியில மிதந்தா பழசு, அவ்வளவுதான். மூழ்கினதுல கிருமி இல்லைன்னு அர்த்தமில்லை.

வயசுக்கு வந்த பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கிறோமே? நல்லெண்ணெய் இருக்கட்டும். முட்டையை மஞ்சக்கரு கெட்டியாகும்வரை வேகவச்சே கொடுங்க.