சக்கர நாற்காலிக்கு எந்தக் கதவைத் தட்டறதுங்க?

கடன், வட்டி, வங்கி இணைப்பு பத்தியெல்லாம் முன்னால பேசினவங்க நல்லாவே சொல்லிட்டாங்க. நான் ஒரே ஒரு விஷயம் பேசறேன். நடக்க முடியாதவங்க இருக்கிற வீட்டுக்கு ஒரு சக்கர நாற்காலி எப்படி வந்து சேரும்ங்கறதுதான் அது.

நான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலராக இருக்கிறேன். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கினப்போ, எங்களை மாதிரிப் பெண்களை சுய உதவிக் குழுவிலிருந்துதான் எடுத்தாங்க. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்க லைன் வீடுகளுக்குள்ளே போகிறேன். வெளியிலிருந்து பார்த்தா எல்லாரும் கம்பெனிக்குப் போயிட்ட மாதிரி இருக்கும். உள்ளே கட்டிலில் ஒருத்தர் கிடப்பாங்க. ஒரு வீட்டில் செக்கிங் வேலைக்குப் போயிட்டிருந்த பொண்ணு, பக்கவாதம் வந்த அம்மாவைப் பாத்துக்க வேலையை விட்டுட்டா. அம்மாவை பிளாஸ்டிக் சேரில் உட்கார வெச்சு, சேரோட பாத்ரூம்வரை தரதரன்னு இழுத்துட்டுப் போவா. தரையில் அந்தக் கோடு அப்படியே விழுந்திருக்கு.

"அக்கா, ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் காப்பீட்டு அட்டையில் போச்சு. அந்த வண்டிக்கு மட்டும் இதில் வராதுன்னுட்டாங்க"ன்னு சொன்னா. அதோட விட்டுட்டாங்க. நம்மில் பல பேர் அங்கேதான் நிற்கிறோம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரிய விஷயம். 2009இல் ஒரு லட்சத்துக்குத் தொடங்கினது, இப்போ குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். ஆனா அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யற சிகிச்சைக்கும், ஆபரேஷனுக்கும், சில பரிசோதனைக்கும்தான். வீட்டுக்கு வந்தப்புறம் தேவைப்படற நாற்காலி அந்தப் பட்டியலில் இல்லை. இது எனக்கு நியாயமாப் படலை. உயிரைக் காப்பாத்தின காப்பீடு, அப்புறம் அந்த உயிர் வாசலுக்கு வர ஒரு நாற்காலி தரக்கூடாதா? நாம தைக்கிற பனியன் போகிற அமெரிக்காவில், வயசானவங்களுக்கான மெடிகேர்ங்கற அரசாங்கக் காப்பீட்டில் டாக்டர் எழுதிக் கொடுத்தா, ஆரம்பத்தில் ஒரு தொகை நம்ம கையிலிருந்து போனப்புறம், சக்கர நாற்காலிக்கு 80 சதவீதம் கொடுக்கறாங்க. நம்ம ஊரில் இதைக் கேட்டு ஒரு தீர்மானம் போடலாம்னு நினைக்கிறேன். ஆனா தீர்மானம் பலிக்கிற வரைக்கும் படுத்துக் கிடக்க முடியாதில்லைங்களா?

முதலில் இ.எஸ்.ஐ.யைப் பாருங்க. காப்பீட்டிலேயே நாற்காலிக்கு வழி இருக்கிறது இதில்தான். கோயம்புத்தூரில் 1955இலேயே இது வந்தாச்சு, அப்போ திருப்பூர் அந்த மாவட்டம்தான். 10 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யற கம்பெனியில், மாசம் 21,000 வரை சம்பளம் வாங்கறவங்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. பீஸ் ரேட்னாலும், காண்ட்ராக்டர் மூலமா வந்தாலும் உண்டு. 12,000 சம்பளம்னா நம்மகிட்ட 90 ரூபாய் பிடிப்பாங்க, கம்பெனி 390 ரூபாய் கட்டணும். இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கு அடிபட்டு நடக்க முடியாமப் போனா, அங்கிருக்கிற ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் எழுதிக் கொடுத்தா செயற்கைக் கால், ஊன்றுகோல், சக்கர நாற்காலியெல்லாம் சிகிச்சையோட சேர்ந்ததுதான். அதனால சம்பள நாளில் உங்க வீட்டுக்காரர், பசங்க எல்லாருடைய இ.எஸ்.ஐ. நம்பரையும் கேட்டு நோட்டில் எழுதி வையுங்க. பணம் பிடிக்கிறாங்க, நம்பர் தரலைன்னா, அதை இப்பவே கேட்கணும். விபத்து நடந்தப்புறம் தேடினா கிடைக்காது.

இ.எஸ்.ஐ. இல்லாதவங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. பல்லடம் ரோட்டில் கலெக்டர் ஆபீஸிலேயே மாவட்ட அலுவலகம் இருக்கு. பக்கவாதத்தில் கை கால் விழுந்தவங்களும் இதில் வருவாங்க. "பிறவியிலேயே இருந்தாத்தான் தருவாங்களாமே"ன்னு நிறையப் பேர் கேட்கறாங்க, அப்படியில்லைங்க. அரசு டாக்டர்கிட்ட 40 சதவீதம் அல்லது அதுக்கு மேல ஊனம்னு சான்று வாங்கி, யு.டி.ஐ.டி. அட்டைக்குப் பதிவு பண்ணணும். அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, டாக்டர் பரிந்துரை இதையெல்லாம் வெச்சு மனு கொடுக்கணும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். கொடுத்தா ரசீது வாங்காம வராதீங்க. தேனி, மதுரைன்னு வெளியூரிலிருந்து வந்தவங்க, ஆதாரில் முகவரி எந்த மாவட்டம்னு முதல்ல பாருங்க. இல்லாட்டி ரெண்டு ஊருக்கும் நடப்பீங்க.

60 வயசு தாண்டின ஏழைப் பெரியவங்களுக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டம் 2017லிருந்து இருக்கு. அதில் முகாம் போட்டுத் தருவாங்க. கான்பூர் அலிம்கோ கம்பெனியில் செஞ்ச நாற்காலிதான் வரும். முகாம் எப்பன்னு கேட்டு வைக்கிற வேலையைக் கூட்டமைப்பு எடுத்துக்கலாம்.

இன்னொண்ணு, கிடைக்கிற நாற்காலியை அப்படியே தூக்கிட்டு வந்துடாதீங்க. திருப்பூரில் இஞ்ச் டேப் இல்லாத வீடு உண்டுங்களா? உட்கார வெச்சு இடுப்பு அகலத்தை அளங்க. சீட்டு அதைவிட ரெண்டு பக்கமும் ஒரு விரல் அளவுக்குத்தான் அதிகமா இருக்கணும். ரொம்ப அகலமா இருந்தா ஆள் ஒரு பக்கமாச் சாய்வாங்க. கால் பலகை உயரம் சரியில்லைன்னா எடை முழுக்க பின்பக்கம் இறங்கிப் புண் வரும். மெத்தை கேளுங்க. தொட்டால் தெரியாதவங்களுக்கு அந்தப் புண் உயிருக்கே ஆபத்து. அடிக்கடி உடம்பைத் தூக்கி மாத்தி உட்கார வையுங்க. அப்புறம் பாத்ரூம் கதவை அளங்க. பெரிய நாற்காலி மொத்தம் 25, 26 இஞ்ச் அகலம் இருக்கும். நம்ம லைன் வீட்டு பாத்ரூம் கதவு 24 இஞ்ச்தான். வண்டி வந்தும் வாசலில் நிக்கிற கதையை நான் பார்த்திருக்கேன். வீட்டுக்காரர்கிட்ட வாசப்படிக்கு ஒரு சின்ன சரிவு போடக் கேட்கறதுக்கும் வெட்கப்படாதீங்க, ரெண்டு மூட்டை சிமெண்ட் வேலை.

அந்தப் பொண்ணு வீட்டுக்கு நாற்காலி வர அஞ்சு மாசம் ஆச்சு. நாலு தடவை போனோம். ஒரு தடவை அளவு சான்றில் இல்லைன்னு திருப்பிட்டாங்க. இப்போ காலையில் அம்மாவை வாசலுக்குத் தள்ளிட்டு வந்து உட்கார வெச்சிட்டு, அரை நேர வேலைக்குப் போறா. எதிர்வீட்டு ஆத்தா பார்த்துக்கறாங்க. அம்மா அங்கிருந்தே கீரைக்காரியைக் கூப்பிட்டு விலை பேசறாங்க.

விழா முடிஞ்சதும் சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்து மேஜையில் நோட்டோட இருப்பேன். உங்க குழுவில் எந்த வீட்டில் நாற்காலி வேணுமோ, பேர், வயசு, ஆதார் எந்த மாவட்டம், இ.எஸ்.ஐ. இருக்கா இல்லையா, இதை எழுதிட்டுப் போங்க. அடுத்த மாசக் கூட்டத்துக்கு முன்னால எல்லா மனுவையும் ஒண்ணாக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். டேப் நான் கொண்டு வர்றேனுங்க.