பாக்கெட்டில் வந்த சர்க்கரைவள்ளி



இன்றைய பேச்சு தின்பண்டம் பற்றியது. கடையில் விற்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சிப்ஸ் பற்றியது.

சர்க்கரைவள்ளியைத் தெரியாதவர் யார்? தமிழ்நாட்டில் பொங்கல் சமயத்தில் சந்தையில் குவிந்து கிடக்கும். டெல்லியில் இதற்குச் சகர்கந்தி என்று பெயர். குளிர்காலம் வந்தால் தெருவோரத்தில் கரி நெருப்பில் சுடுவார்கள். தோலை உரித்துத் துண்டு போடுவார்கள். எலுமிச்சம்பழம் பிழிந்து, மசாலாத் தூள் தூவித் தருவார்கள். ஒடிசாவில் இது நிறைய விளைகிறது. இத்தனைக்கும் இது நம் நாட்டுக் கிழங்கு அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்தது. இன்று வட இந்தியாவில் விரத நாளில்கூட இதைச் சாப்பிடுகிறார்கள்.

அதே கிழங்கு இப்போது பளபளக்கும் பாக்கெட்டிலும் வருகிறது.

டெல்லியில் வீட்டு வேலைக்குப் போகும் ஒரு தமிழ் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். மாலையில் மகனோடு கடைக்குப் போகிறார். மகன் ஒரு பாக்கெட்டைக் கையில் எடுக்கிறான்.

"அம்மா, இது உருளைக்கிழங்கு சிப்ஸ் இல்லை. சர்க்கரைவள்ளி. உடம்புக்கு நல்லது. எங்க டீச்சர் சொன்னாங்க" என்கிறான்.

டீச்சர் சொன்னது சரிதான். ஆனால் அவர் சொன்னது கிழங்கைப் பற்றி. பாக்கெட்டைப் பற்றி அல்ல.

பாக்கெட்டின் முன்பக்கம் பாருங்கள். படத்தில் கிழங்கு இருக்கிறது. பச்சை இலை இருக்கிறது. எண்ணெய்ச் சட்டி மட்டும் இல்லை. அதைப் பார்க்க வேண்டுமானால் பாக்கெட்டைத் திருப்ப வேண்டும்.

திருப்பினால் எல்லாம் பொடி எழுத்து. அதுவும் ஆங்கிலம், அல்லது இந்தி. இந்த இரண்டில் ஒன்றில் அச்சிட வேண்டும் என்பதுதான் விதி. மற்ற மொழியிலும் போடலாம், கட்டாயம் இல்லை. பாடுபட்டுத் தமிழ் படித்த அம்மா என்ன செய்வார்? இது நியாயமான வருத்தம்தான். ஆனாலும் பாக்கெட்டில் உள்ள எண்கள் அவர் படித்த அதே எண்கள். பெயரை மகன் படிக்கட்டும். எண்ணை அம்மா படிக்கட்டும்.

முதலில் எடை. பாக்கெட் தலையணை போல உப்பியிருக்கும். உள்ளே பாதிக்கு மேல் காற்றுதான் என்று பலர் கோபப்படுவார்கள். அது பெரும்பாலும் நைட்ரஜன் வாயு. எண்ணெய் காறிப் போகாமல் இருக்கவும், சிப்ஸ் நொறுங்காமல் இருக்கவும் அடைக்கிறார்கள். அதனால் உப்பலைப் பார்த்து வாங்கக் கூடாது. கிராம் பார்க்க வேண்டும்.

100 கிராம் பாக்கெட் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் கிலோ 600 ரூபாய். பச்சைக் கிழங்கு கிலோ 50 ரூபாய் என்றால், இது 12 மடங்கு! ஆனால் அத்தனையும் கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. கிழங்கில் 100-க்கு 70 பங்கு தண்ணீர். வறுக்கும்போது அது ஆவியாகிப் போகும். எண்ணெய், கூலி, பாக்கெட், வண்டிச் செலவு எல்லாம் உண்டு. இருந்தாலும் அந்த அம்மாவின் கூலியில் 60 ரூபாய் சின்னத் தொகையா?

அடுத்து, சேர்மானப் பட்டியல். எது எடையில் அதிகமோ, அதன் பெயர் முதலில் வர வேண்டும். முதல் பெயர் சர்க்கரைவள்ளியா? அல்லது அரிசி மாவா, உருளைக்கிழங்கு மாவா? வேறு மாவு முதலில் இருந்தால், படத்தில் உள்ள கிழங்கு பேருக்குத்தான்.

பிறகு சிறிய கட்டம் போட்ட அட்டவணை. 100 கிராமில் எவ்வளவு என்று அதில் இருக்கும். கொழுப்பு என்ற வரியில் 30 கிராம் என்று இருந்தால், அது இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய்க்குச் சமம். 100 கிராம் வேகவைத்த கிழங்கில் ஏறக்குறைய 100 கலோரிதான் உண்டு. எண்ணெயில் வறுத்த சிப்ஸில் 500-ஐத் தொடும். உருளைக்கிழங்கு சிப்ஸும் அப்படித்தான். கிழங்கு மாறினாலும் எண்ணெய் மாறவில்லை.

சோடியம் என்ற வரி உப்பைச் சொல்கிறது. அந்த எண்ணை இரண்டரையால் பெருக்க வேண்டும். 600 மில்லிகிராம் என்றால் 1500 மில்லிகிராம் உப்பு. அதாவது ஒன்றரை கிராம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இந்த வரியை விடவே கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். 'சர்க்கரை சேர்க்காதது' என்று போட்டிருந்தாலும், கிழங்கில் மாவுச்சத்து இருக்கிறது. அது உடம்பில் சர்க்கரையாகத்தான் மாறும்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? யார் சொன்னது? ஆசைக்கு ஒரு நாள் வாங்கலாம். நாலு பேர் பங்கு போட்டுச் சாப்பிடலாம். மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சுட்ட கிழங்கின் தித்திப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மெதுவாகச் சூடாகும்போதுதான் கிழங்கின் மாவு இனிப்பாக மாறுகிறது. மெல்லிய சீவல் எண்ணெயில் விழுந்ததும் வெந்துவிடும். அதற்கு ஏது நேரம்? ஓரம் கறுத்த சீவல் கசக்கும். இந்தக் கிழங்கில் இனிப்பு இருப்பதால் உருளைக்கிழங்கைவிடச் சீக்கிரம் கருகும். காறல் வாடை அடித்தால் தின்ன வேண்டாம்.

தினமும் பள்ளிக்குக் கொடுத்துவிட ஏற்றது கிழங்குதான். நன்றாகக் கழுவித் தோலோடு வேகவைத்தால் போதும். உள்ளே ஆரஞ்சு நிறமுள்ள கிழங்கு கிடைத்தால் விடாதீர்கள். அந்த நிறத்திலிருந்து உடம்பு வைட்டமின் ஏ செய்துகொள்ளும். மாலைக்கண் வராமல் காக்கும் சத்து அது. வெள்ளைக் கிழங்கில் அது மிகக் குறைவு. ஆரஞ்சு நிறத்தில் 'பூ சோனா' என்ற ரகத்தைத் திருவனந்தபுரத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது.

வெந்த கிழங்கைத் துண்டு போட்டு, ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு தாளித்துப் புரட்டி, தேங்காய்த் துருவல் தூவுங்கள். அந்தச் சத்து உடம்பில் சேர, அந்தக் கொஞ்சம் எண்ணெய் போதும்.