மலிவுத் தேயிலையை ஏன் கொட்டினார்கள்?



எனக்கு முன்னால் பேசிய நண்பர் அமெரிக்க விடுதலைப் போரை ஒரே மூச்சில் முடித்துவிட்டார். தேயிலைக்கு வரி போட்டார்கள், விலை ஏறியது, வியாபாரிகள் கொதித்தார்கள், போர் மூண்டது என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நம்மில் பலரும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் மனப்பாடம் செய்தோம். ஆனால் அது தவறு. அதைத் திருத்தாமல் இந்த மேடையை விட்டு நான் இறங்கப்போவதில்லை.

1773-ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தால் தேயிலை விலை ஏறவில்லை ஐயா, இறங்கியது! கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்குகளில் தேயிலை மலையாகக் குவிந்து கிடந்தது. கம்பெனி கழுத்துவரை கடனில் நின்றது. எந்தக் கம்பெனி? அதே 1773-இல் ஆற்காட்டு நவாபுக்காகத் தஞ்சைக் கோட்டைக்குள் படையை நடத்தித் துளஜா மன்னரைச் சிறைவைத்த அதே கம்பெனி! அதைக் கைதூக்கிவிட லண்டன் நாடாளுமன்றம் சலுகைகளை வாரிக் கொடுத்தது. தன் ஊரில் வசூலிக்கும் சுங்கத்தை விட்டுக்கொடுத்தது. அமெரிக்காவில் கம்பெனியே நேராக விற்கட்டும் என்றது. கள்ளக் கடத்தலில் வந்த டச்சுத் தேயிலையோடு போட்டி போடுகிற அளவுக்கு விலை விழுந்தது. ஒன்றை மட்டும் விடவில்லை. அமெரிக்கக் கரையில் இறங்கும் தேயிலைக்கு ராத்தலுக்கு 3 பென்ஸ் வரி.

மலிவாகக் கொடுத்தால் அந்த 3 பென்ஸையும் சேர்த்துக் குடித்துவிடுவார்கள் என்று லண்டன் கணக்குப் போட்டது. பாஸ்டன் மக்கள் குடிக்கவில்லை. டிசம்பர் 16 இரவு டார்ட்மவுத், எலினார், பீவர் என்ற மூன்று கப்பல்களில் ஏறி, 342 பெட்டிகளைக் கோடரியால் பிளந்து கடலில் கொட்டினார்கள். விலை ஏறியதால் கொதித்தவர்கள் விலை இறங்கிய சரக்கை ஏன் கொட்டவேண்டும்? சொல்லுங்கள்!

விடை எட்டு வருடம் பின்னால் இருக்கிறது. பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. அந்தச் சுமையில் ஒரு பங்கை அமெரிக்கர் தலையில் வைக்க 1765-இல் முத்திரைத்தாள் சட்டம் வந்தது. பத்திரத்துக்கு வரி, செய்தித்தாளுக்கு வரி, சீட்டுக்கட்டுக்குக்கூட வரி. அமெரிக்கக் குடியேற்றங்களுக்குத் தனித்தனிச் சட்டசபை உண்டு. வரி கேட்பதென்றால் அங்கே வந்து கேள், நாங்கள் ஒரு உறுப்பினரைக்கூட அனுப்பாத மன்றத்துக்கு எங்கள் பணப்பையில் என்ன வேலை என்றார்கள். லண்டன் சொன்ன பதில் என்ன தெரியுமா? மான்செஸ்டருக்கும்தான் உறுப்பினர் இல்லை, அவன் வரி கட்டவில்லையா என்பதுதான்! ஒருவனுக்குச் செய்த அநியாயத்தை இன்னொருவனுக்குச் செய்யும் அநியாயத்துக்குச் சாட்சியாக நிறுத்தினார்கள்.

எதிர்ப்பு வலுத்தது, 1766-இல் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்கா கொண்டாடியது. நியூயார்க் நகரம் நன்றிப் பெருக்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குக் குதிரைமேல் அமர்ந்த சிலை ஒன்றைச் செய்யச் சொல்லி, ஈயத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசி, 1770-இல் நிறுவியது. இவர்களா பிறவிக் கலகக்காரர்கள்? ஆனால் சட்டத்தைத் திரும்பப் பெற்ற அன்றே இன்னொரு சட்டத்தையும் நாடாளுமன்றம் நிறைவேற்றியிருந்தது. எந்த விஷயத்திலும் அமெரிக்காவைக் கட்டுப்படுத்தச் சட்டம் செய்ய எமக்கு அதிகாரம் உண்டு என்ற சட்டம். ராத்தலுக்கு 3 பென்ஸ் என்பது அந்த அதிகாரத்துக்கு அடையாளமாக விட்டுவைத்த வரி. அதைத்தான் கடலில் கொட்டினார்கள்.

தாய்மார்களே, இதைக் கேளுங்கள். பிரிட்டிஷ் துணி வேண்டாம் என்று முடிவெடுத்தபோது பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து நூல் நூற்றார்கள். ராட்டை நமக்கு ஆயுதமாவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அங்கே அது ஆயுதமாகிவிட்டது. வடகரோலினாவின் ஈடன்டன் ஊரில் 51 பெண்கள் புறக்கணிப்பு உறுதிமொழியில் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டார்கள், 1774-இல்!

கொட்டிய தேயிலைக்குத் தண்டனையாக பாஸ்டன் துறைமுகத்தை இழுத்து மூடினார்கள். மாசசூசெட்ஸ் சபையின் அதிகாரத்தைப் பறித்தார்கள். ஒரு ஊரைப் பட்டினி போட்டால் மற்ற ஊர்கள் அடங்கும் என்று நினைத்தார்கள். தெற்கு கரோலினாவிலிருந்து அரிசி வந்தது, கனெக்டிகட்டிலிருந்து ஆடுகள் வந்தன. அதுவரை தனித்தனியே கிடந்த குடியேற்றங்களில் 12, அந்த செப்டம்பரில் பிலடெல்பியாவில் ஒன்றாக உட்கார்ந்தன. ஒன்று சேர்த்துவைத்த புண்ணியம் லண்டனுக்கே!

1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டன் புல்வெளியில் 8 பேர் பிரிட்டிஷ் படையால் சுடப்பட்டுச் செத்தார்கள். அதற்குப் பிறகும், ரத்தம் சிந்திய பிறகும், ஜூலையில் மன்னருக்குச் சமாதான விண்ணப்பம் அனுப்பினார்கள். மன்னர் அதை வாங்க மறுத்தார். இவர்கள் கலகக்காரர்கள் என்று ஆகஸ்ட் 23-இல் பிரகடனம் செய்தார். மனுக் கொடுக்க வந்தவனைக் கலகக்காரன் என்றால், அவன் அடுத்து என்ன செய்வான்? அடுத்த ஜனவரியில் தாமஸ் பெயின் ஒரு சிறு நூலை வெளியிட்டு, இனி மன்னரே வேண்டாம் என்று எழுதினார். ஊர் ஊராக அதை வாசித்தார்கள்.

இங்கே ஒரு இளைஞர் எழுந்து, அடிமைகளை வைத்திருந்தவர்கள் உரிமை பேசலாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி, மழுப்பமாட்டேன். அன்றைய 25 லட்சம் மக்களில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் கறுப்பின அடிமைகள். 1770-இல் பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டபோது விழுந்த ஐவரில் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் என்ற கறுப்பினத்தவரும் ஒருவர். அவர் இனத்தாரின் அடிமைத்தளை அறுபட 1865 வரை ஆனது. விடுதலைப் பிரகடனத்தில் எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய ஜெபர்சனே அடிமைகளை வைத்திருந்தார். கை கறைபட்டதுதான். ஆனால் அந்தக் கை எழுதிய வாசகத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடிமை ஒழிப்பாளர்கள் பின்னால் வாதாடினார்கள் என்பதையும் நான் மறைக்கமாட்டேன்.

1776 ஜூலை 4-இல் அந்த விடுதலைப் பிரகடனம் ஏற்கப்பட்டது. 9-ஆம் தேதி நியூயார்க்கில் அதைப் படைவீரர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். அன்று மாலை கூட்டம் நேராக அந்தச் சிலையிடம் போனது. ஆறு வருடத்துக்கு முன் நன்றி சொல்லி நிறுத்திய அதே சிலை! கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள். அதன் ஈயத்தைக் கனெக்டிகட்டின் லிட்ச்பீல்டுக்கு ஏற்றிப்போய், அங்கே பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து உருக்கி, 42,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிக் குண்டுகளாக வார்த்தார்கள்.